பழைய இசைத்தட்டுகள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, கர்நாடக சங்கீதத்தில் பழைய ரெக்கார்டு கேட்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம், யோசிக்கவே வேண்டாம். அவர் வாசித்தது பாரி நாயனம் என்ற நாதஸ்வர வகை, திமிரி என்ற இன்னொரு வகையைவிட நீளம், சுருதியும் தாழ்வு, அதனால் அந்த நாதத்தில் ஒரு கனம் இருக்கும். மணிக்கணக்கில் தோடி வாசித்த மனிதர், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய 78 தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பதோ மூன்று நிமிடச் சொச்சம்தான், ஆகவே சுற்றி வளைக்காமல் எடுத்த எடுப்பிலேயே ராகத்துக்குள் இறங்கிவிடுகிறார். காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, எப்படி ஆட்டுகிறார் என்று மட்டும் கவனியுங்கள், அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

கேள்வி: வீணை தனம்மாள் ரெக்கார்டு போட்டேன், இரைச்சல்தான் கேட்கிறது. என்ன ரசிக்கிறீர்கள்?

பதில்: இரைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். ஜார்ஜ் டவுனில் அந்த அம்மா வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்குப் போனவர்கள் மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்து கேட்டார்கள் என்பார்கள், அப்படிக் கேட்க வேண்டிய வாசிப்பு அது. பதிவானபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இரவில் ஹெட்போனில் இரண்டு மூன்று தடவை கேளுங்கள், காது தானாக இரைச்சலை ஒதுக்கிவிட்டு வீணையைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தாத்தாவின் 78 தட்டுகள் இருக்கின்றன. என் எல்பி (வினைல் தட்டு) பிளேயரில் 78 வேகமும் இருக்கிறது, போடலாமா?

பதில்: தம்பி, அவசரப்படாதீங்க! வேகம் மட்டும் போதாது. 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்குச் சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும், எல்பி ஊசி 1 மில்லுக்கும் குறைவு, அடியில் போய் அழுக்கில் உரசும். தனி ஊசி வாங்கி மாட்டுங்கள். அப்புறம், ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை, கரைந்து போகும், போனால் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: ஃப்யூஷன், அதாவது கலப்பிசை, பிடிக்குமா?

பதில்: சக்தி குழுவின் முதல் ஆல்பம் ரொம்பப் பிடிக்கும். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. ஜான் மெக்லாலின் கிதாரும் எல். சங்கரின் வயலினும் பாய்வதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நீங்கள் ஜாகிர் உசேனின் தபேலாவுக்கு அடியில் விக்கு விநாயக்ராமின் கடத்தைத் தேடிப் பிடியுங்கள். முதல் உருப்படியே 18 நிமிடம். பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள்.