வரி போக அமெரிக்கர் கைக்கு வரும் சம்பளம் அதிகம், ஆனால் மனித வளர்ச்சிப் பட்டியலில் டென்மார்க் மேலே இருப்பது ஏன்?

வாழ்க்கைத் தரம் என்பது சம்பளம் மட்டும் அல்ல. ஐ.நா. 1990 முதல் வெளியிடும் மனித வளர்ச்சிக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது. டென்மார்க்கில் வரி கடுமைதான். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவும் கல்லூரிப் படிப்பும் அதிலேயே அடக்கம். அமெரிக்கர் இதற்கெல்லாம் பெரும்பாலும் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும்.

நம்ம சென்னையையே பாருங்கள். ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) குவார்ட்டர்ஸில் குடியிருந்து, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பவரின் சம்பளச் சீட்டு சின்னதாகத் தெரியும். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில் அதைவிடக் கூடுதலாக வாங்குபவருக்கு வாடகை, தண்ணீர் லாரி, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் போக என்ன மிஞ்சும்? மாசக் கடைசியில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.