வேர்ப்பூசணமும் ஊர் மண்ணும்

அன்புள்ள ஐயா,

இராமநாதபுரத்தில் மிளகாய் பயிரிடும் என் மைத்துனர், நாற்றங்காலில் ‘வேம்’ எனப்படும் வேர் உட்பூசணத்தை இட்டதில் நாற்றுகள் நன்றாகப் பிடித்ததாகச் சொன்னார். அதை நம்பி நானும் இங்கே சிங்கப்பூரில் இணையத்தில் ஒரு பொட்டலம் வாங்கி, எங்கள் சமூகத் தோட்டத்தில் மிளகாய்க்கும் சாய் சிம் கீரைக்கும் இட்டேன். சாய் சிம் இரண்டு முறை அறுத்தாயிற்று, மிளகாயும் காய்க்கத் தொடங்கிவிட்டது. இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் வேறுபாடே தெரியவில்லை. பூசணம் இடத்துக்கு இடம் மாறுமா? புக்கிட் தீமா காட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து இட்டால் பயன் இருக்குமா?

— ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

சாய் சிம்மை முதலில் விலக்கிவிடலாம். அது கைலானையும் முட்டைக்கோசையும் போலக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தாவரங்களில் பெரும்பாலானவை இப்பூசணத்தோடு கூடி வாழ, இக்குடும்பம் போன்ற சில மட்டும் ஒதுங்கியே நிற்கின்றன. பொட்டலத்தின்மேல் ‘எல்லாக் காய்கறிகளுக்கும்’ என்று அச்சிட்டிருந்தால், அச்சிட்டவரைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

மிளகாய் அப்படியல்ல. வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் கிடைக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, செடி விரைவில் உறிஞ்சித் தீர்த்துவிடும். மண்ணில் அச்சத்து மிக மெதுவாகவே நகரும் என்பதால், பூசண இழைகள் அந்த வெறும் வட்டத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதற்குக் கூலியாகச் செடி, தான் ஆக்கிய கரிமச்சத்தில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை கொடுக்கிறது. மணிச்சத்து தாராளமாக இருக்குமிடத்தில் இந்தக் கூலி தேவையில்லை. பூசணத்தை அழைக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளை வேர் கசியவிடுவதும் குறைந்துவிடுகிறது. நம் சமூகத் தோட்டங்களில் கோழி எருக் குருணையை வாரியிறைக்கும் வழக்கத்தை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். உங்கள் பாத்தியிலும் அதுவே நடந்திருக்கலாம்.

இடத்துக்கு இடம் மாறுமா என்ற கேள்விக்கு, மாறும் என்பதே விடை. ஆய்வகங்களிலும் வணிகப் பொட்டலங்களிலும் பெயர்பெற்ற ஒரு வகை, கனடாவின் கியூபெக் மாநில மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது எங்கும் வாழக்கூடியதுதான். ஆனால் நம்முடைய செம்மண்ணில், அமிலத் தன்மையால் இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தை எடுக்க, அமில மண்ணிலேயே பழகிய அகாலோஸ்போரா போன்ற வகைகளே அதைவிடத் தகுதியானவையாக இருக்கலாம். ஸ்பெயினின் அல்மேரியா கடற்கரையில் உள்ள காபோ தெ காட்டா என்னும் உப்பு நிலத்திலிருந்து எடுத்த பூசணங்களை மக்காச்சோளத்துக்கு இட்டுப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. உவர்ப்பைத் தாங்கும் திறனைப் பயிருக்குக் கொடுத்ததில், பூசணச் சேகரிப்பு நிலையத்திலிருந்து பெற்ற வகையை உப்பு நிலத்து வகைகள் விஞ்சின. உரமும் பூசணத்தின் குணத்தை மாற்றுகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பல ஆண்டுகள் உரமிட்ட நிலத்துப் பூசணத்தையும் உரம் காணாத நிலத்துப் பூசணத்தையும் ஒரு புல்லில் ஒப்பிட்ட நான்சி காலின்ஸ் ஜான்சன், பின்னதே செடிக்கு அதிகம் உதவியதை 1993இல் காட்டினார். கூலி வாங்கிக்கொண்டு வேலையில் சுணங்கும் பூசணங்கள், உரம் கொழுத்த மண்ணில் பெருகிவிடுகின்றன.

புக்கிட் தீமாவைத் தொட வேண்டாம். இயற்கை வனப்பகுதியிலிருந்து மண் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அங்கே ஓங்கி நிற்கும் டிப்டெரோகார்ப் மரங்களோடு கூடியிருப்பது வேரின் வெளியே உறைபோலப் படரும் வேறு இனம். அது மிளகாய்க்கு உதவாது.

உங்கள் தோட்டத்திலேயே, உரம் படாத வேலியோரத்தில் லாலாங் புல் முளைத்திருக்கும். தோட்டப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, அதன் வேர்களையும் வேரடி மண்ணையும் இரண்டு கைப்பிடி எடுத்து, வேர்களைப் பொடியாக நறுக்கி, எருவிடாத நாற்றுக் கலவையில் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் பொட்டலப் பூசணம் இட்ட தொட்டி ஒன்றும், எதுவும் இடாத தொட்டி ஒன்றும் இருக்கட்டும்.

வேருக்குள் பூசணம் நுழைந்ததா என்பதை இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு என் தாழ்வாரத் தொட்டியின் மிளகாய் நுண்வேர்களைக் காரக் கரைசலில் வெளுத்து, பேனா மையும் காடியும் கலந்த நீரில் சில நிமிடம் காய்ச்சி, நுண்ணோக்கியில் வைத்தேன். வேரின் அறைகளுக்குள்ளே கிளைவிட்ட குட்டி மரங்கள் நீலமாகத் தெரிந்தன. சத்து கைமாறுவது அங்கேதான். ஆறாவது வாரத்தில் தொட்டிக்கு ஒரு நாற்றாகப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள், மூன்றையும் சேர்ந்தே பார்ப்போம்.