பீஷான் அரங்கத்தைப் பெரிதாக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்: காற்பந்து

கேள்வி: 2025ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி பீஷான் விளையாட்டரங்கத்தில் நடந்த ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டத்துக்கு எனக்கும் என் மகனுக்கும் நுழைவுச்சீட்டு கிடைக்கவில்லை. வழக்கமாக ஆறாயிரத்துச் சொச்சம் பேர் அமரும் அந்த இடத்தில் தற்காலிகப் பார்வையாளர் மேடைகள் போட்டு ஏறத்தாழ 10,000 பேருக்கு இடம் செய்தார்கள். அந்த மேடைகளைக் கழற்றிவிடாமல், அரங்கத்தையே நிரந்தரமாகப் பெரிதாக்க லயன் சிட்டி செய்லர்ஸ் குழு முயன்றால் என்ன? என் மைத்துனர் லிவர்பூல் ரசிகர். “எங்கள் ஆன்ஃபீல்டு அரங்கத்தை விரிவாக்கினார்கள், நிரம்பி வழிகிறதே” என்கிறார். உங்கள் கருத்து என்ன?
– வாசகர், தோ பாயோ

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சிங்கப்பூர்க் குழுவொன்று ஆசியப் போட்டியொன்றின் இறுதியாட்டத்தை எட்டியது அதுவே முதல்முறை. ஷார்ஜா குழு 74ஆம் நிமிடத்தில் முன்னிலை பெற்று, 90 நிமிடம் முடிந்த மறுகணமே செய்லர்ஸ் வீரர் லெஸ்டியன் சமன் செய்து, அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் எதிரணி இன்னொரு கோல் போட்டு 2-1 என்ற கணக்கில் கிண்ணத்தைக் கொண்டுபோன ஆட்டத்தை மகனோடு நேரில் பார்க்க முடியாமல் போனது சிறிய இழப்பன்று. இருந்தும், அந்த ஓர் இரவை அளவுகோலாக வைத்துப் பீஷான் அரங்கத்தை நிரந்தரமாகப் பெரிதாக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், அந்த ஆட்டம் ஏன் பீஷானில் நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். காலாங்கில் 55,000 பேர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கம் இருக்கிறது. அதே நாளில் அங்கே லேடி காகாவின் இசை நிகழ்ச்சி. ஆக, சிங்கப்பூரில் அன்று இருக்கைக்குப் பஞ்சமில்லை, இருக்கை இருந்த இடத்தில் நாள் கிடைக்கவில்லை. இதற்குத் தீர்வு காண வேண்டிய இடம் தேசிய விளையாட்டரங்கத்தின் நாட்காட்டியே தவிர, பீஷானின் கான்கிரீட் படிகள் அல்ல. மேலும், பீஷான் அரங்கம் செய்லர்ஸ் குழுவின் சொத்தும் அன்று. அது பொதுமக்களுக்கான இடம். காலையில் அக்கம்பக்கத்தவர் ஓடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் திடல்தடப் போட்டிகளுக்கு வருகிறார்கள். சொந்த நிலத்தில் சொந்தக் காசைப் போட்டுக் கட்டும் ஐரோப்பியக் குழுவுக்கு உள்ள உரிமையும் பொறுப்பும் இங்குள்ள குழுக்களுக்கு இல்லை.

இனி அடிப்படைக்கு வருவோம். ஓர் அரங்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இறுதியாட்டம் சொல்லாது. மழை தூறும் ஒரு மாலை நேரத்தில், பட்டியலின் அடியில் கிடக்கும் குழுவோடு மோதும் லீக் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் சொல்லும். சிங்கப்பூர் பிரிமியர் லீக் ஆட்டங்களுக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கு விடை தெரியும். ஆறாயிரம் இருக்கைகளே பெரும்பாலான நாள்களில் நிறைவதில்லை. அங்கே இன்னும் நாலாயிரத்தைச் சேர்த்தால், நாம் கட்டுவது ஆண்டில் ஓரிரு நாள் பயன்பட்டு மற்ற நாள்களில் வெயிலில் வெளுக்கும் நாற்காலிகளையே.

இதற்கு இத்தாலியின் டூரின் நகரத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்காக அங்கே ஏறத்தாழ 69,000 பேர் அமரும் டெல்லே ஆல்பி அரங்கம் கட்டப்பட்டது. யுவெண்டஸ் குழு அங்கே ஆடியது. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருந்ததால் ரசிகர்கள் ஆட்டத்திலிருந்து வெகுதூரம் தள்ளி அமர வேண்டியிருந்தது. இத்தாலியிலேயே அதிக ரசிகர்களைக் கொண்ட அந்தக் குழு, 2001-02 பருவத்தில் சம்டோரியாவுக்கு எதிராக ஆடிய இத்தாலியக் கிண்ண ஆட்டம் ஒன்றை 237 பேர் மட்டுமே நேரில் பார்த்தார்கள். குழு பிறகு என்ன செய்தது தெரியுமா? அந்த அரங்கத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஏறத்தாழ 41,000 இருக்கைகளோடு, ஓட்டப்பாதை இல்லாமல், புல்தரைக்கு மிக நெருக்கமாகப் புதிய அரங்கத்தைக் கட்டி 2011இல் திறந்தது. இருக்கைகளைக் குறைத்தார்கள், அரங்கம் நிறையத் தொடங்கியது, சத்தம் திரும்பி வந்தது. பீஷானிலும் ஓட்டப்பாதை உண்டு என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பின்னால் உயர உயர வரிசைகளைக் கூட்டினால், ஏற்கெனவே தள்ளி அமர்ந்திருக்கும் ரசிகர் இன்னும் தள்ளித்தான் போவார்.

இங்கிலாந்தின் டார்லிங்டன் குழுவின் கதை இன்னும் வருத்தமானது. நான்காம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அச்சிறு நகரத்துக் குழுவுக்கு, அதன் உரிமையாளர் 2003இல் 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்தைக் கட்டிக் கொடுத்தார். வழக்கமான ஆட்டங்களுக்கு வந்தவர்களோ சில ஆயிரம் பேர். பராமரிப்புச் செலவு மட்டும் 25,000 இருக்கைக்கானது. அதே ஆண்டின் இறுதியிலேயே குழு நிதி நெருக்கடியில் விழுந்து நிர்வாகிகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. மீண்டும் இருமுறை அந்நிலைக்கு ஆளாகி, 2012இல் அந்த அரங்கத்தை விட்டே வெளியேறியது. அளவுக்கு மீறிய கூரையே அந்த வீட்டை அமுக்கிவிட்டது.

அப்படியென்றால் உங்கள் மைத்துனர் சொல்வது தவறா? இல்லை, ஆன்ஃபீல்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் லிவர்பூல் விரிவாக்கியதற்குப் பிறகு ரசிகர்கள் வந்தார்கள் என்று அவர் நினைத்தால், வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். பருவகாலச் சீட்டுக்காகப் பல்லாயிரம் பேர் பல ஆண்டுகளாகக் காத்திருந்தார்கள். அதன் பிறகே கட்டினார்கள். அதையும் ஒரே மூச்சில் செய்யவில்லை. 2016இல் பிரதான மேடையில் ஏறத்தாழ 8,500 இருக்கைகளைச் சேர்த்து அரங்கத்தின் கொள்ளளவை 54,000 ஆக்கினார்கள்; அவை நிறைகின்றன என்று கண்ட பின்னரே ஆன்ஃபீல்டு சாலைப் பக்கத்தில் மேலும் 7,000 சேர்த்து 61,000ஐத் தாண்டினார்கள். இரண்டாம் கட்டத்தில், வேலையை எடுத்திருந்த கட்டுமான நிறுவனம் 2023இல் நொடித்துப் போனதால் மேலடுக்கு திறக்கப்படுவது மாதக்கணக்கில் தாமதமானது. பணமும் பொறுமையும் உள்ள குழு என்பதால் அதைத் தாங்கிக்கொண்டது.

செலவையும் சொல்ல வேண்டும். முதல் கட்டத்துக்கு ஆன தொகை ஏறத்தாழ 110 மில்லியன் பவுண்டு. வகுத்துப் பார்த்தால், கூடுதலாகக் கிடைத்த ஓர் இருக்கைக்குச் சுமார் 13,000 பவுண்டு வருகிறது. ஏன் இவ்வளவு? கீழ் வரிசைகளை நிலத்தின் மேலேயே படிப்படியாக அமைத்துவிடலாம்; மேல் வரிசைகளுக்கோ இரும்புச் சட்டம், புதிய கூரை, கூடுதல் படிக்கட்டுகள், கழிப்பறைகள், ஆபத்து நேரத்தில் எல்லாரும் சில நிமிடங்களுக்குள் வெளியேறுவதற்கான வழிகள் என எல்லாம் தேவைப்படுகின்றன. அதனால் கடைசியாகச் சேரும் இருக்கைதான் எப்போதும் அதிக விலைபிடிக்கும். ஆண்டு முழுவதும் சீட்டு விற்கும் குழுவுக்கு அது முதலீடு. நமக்கு அது சுமை.

பழைய காலாங் அரங்கத்தை நினைத்துக்கொண்டு சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு. 1973இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் மலேசியக் கிண்ண ஆட்டங்களுக்கு 50,000 பேருக்கு மேல் நிரம்பியதை நானும் மரப்பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிலாங்கூருக்கு எதிராகப் பந்து வலைக்குள் போனபோது காலுக்கடியில் கான்கிரீட் அதிர்ந்ததை இன்றும் உணர்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தை வரவழைத்தவை இருக்கைகள் அல்ல. எதிரே நின்றது பக்கத்து மாநிலம். தோற்றால் மறுநாள் வேலையிடத்தில் ஜோகூர்க்காரர் கேலி செய்வார். வென்றால் சந்தைக்கடை வரை அதே பேச்சு. 1994இல் கிண்ணத்தை வென்ற கையோடு நாம் அந்தப் போட்டியிலிருந்து விலகினோம். 1996இல் இன்றைய சிங்கப்பூர் பிரிமியர் லீக்கின் முன்னோடியான எஸ்-லீக் தொடங்கியபோது ரசிகர்கள் தம் வட்டாரக் குழுவின் மீது அதே அளவு பாசம் வைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அந்தப் பாசம் மெல்லத்தான் வளர்ந்துவருகிறது. அதை வளர்க்கும் வேலை முடியுமுன் மேடை கட்டும் வேலையைத் தொடங்குவது முறையன்று.

ஆகவே, நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தற்காலிக மேடைகளே சரியான வழி என்பேன். பாடாங்கில் தேசிய தின அணிவகுப்புக்கும், மரினா பே கார்ப் பந்தயத்துக்கும் ஆயிரக்கணக்கான இருக்கைகளைச் சில வாரங்களில் பூட்டி, முடிந்ததும் கழற்றி எடுத்துவிடும் கைத்திறன் இந்த ஊரில் உண்டு. ஆசியப் போட்டிகளின் பெரிய ஆட்டங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். நிரந்தரமாகச் செலவிட விரும்பினால், மழைக்கு ஒதுங்க இடமில்லாத பகுதிகளுக்குக் கூரை போடுங்கள். பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் பயமின்றி உட்கார ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஆட்டம் தொடங்குமுன் வயிறார உண்ண நல்ல கடைகளை அனுமதியுங்கள். நீங்களும் இந்த லீக் ஆட்டங்களுக்கு மகனை அழைத்துப் போக வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பருவங்களுக்குத் தொடர்ந்து ஆறாயிரமும் நிறைந்து, வாசலில் ஆள்கள் திருப்பி அனுப்பப்பட்டால், விரிவாக்கத்துக்காக முதல் ஆளாக நானே எழுதுவேன்.

கேள்வி: நாங்கள் பீஷான் அரங்கத்துக்கு அருகில் வீவக அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். பெரிய ஆட்டங்களின்போது வெளிச்சமும் சத்தமும் இரவு வரை இருக்கின்றன. வயதான மாமியாரால் தூங்க முடியவில்லை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?
– வாசகி, பீஷான்

பதில்: பேச வேண்டும், அம்மா. எப்போதாவது நடக்கும் ஆட்டத்தின் இரைச்சலை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். ஆண்டு முழுவதும் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பதற்கு அவர்களிடமே முதலில் சம்மதம் பெற வேண்டும். ஆன்ஃபீல்டைப் புகழும்போது நாம் மறந்துவிடும் பக்கம் ஒன்றும் இருக்கிறது. அங்கே விரிவாக்கத்துக்கு இடம் தேவைப்பட்டதால் சுற்றியிருந்த தெருக்களில் வரிசை வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமல் பலகை அடித்துப் பூட்டிக் கிடந்தன. எஞ்சியிருந்த குடும்பங்கள் பாழடைந்த தெருவில் வாழ நேர்ந்தது. அந்த மனக்கசப்பு எளிதில் ஆறவில்லை. நம் ஊரில் வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள் என்றாலும், 10,000 பேர் ஒரே நேரத்தில் எம்ஆர்டி நிலையத்தை நோக்கி நடக்கும்போது மூத்தோர் சாலையைக் கடப்பது முதல், வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது வரை எல்லாம் உங்கள் வாழ்க்கையைத் தொடுகின்றன. அடுத்த பெரிய ஆட்டத்துக்கு முன் உங்கள் வட்டாரக் குடியிருப்பாளர் குழுவின் வழியாக, ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள், ஆட்டம் முடிந்து எவ்வளவு நேரத்தில் விளக்குகளை அணைப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் 100,000 பேருக்கு அரங்கம் கட்டப்போவதாக அறிவித்தது சரியான முடிவா?
– மாணவர், ஜூரோங்

பதில்: இருக்கைகள் நிறையுமா என்ற கவலை அங்கே இல்லை, ஏறத்தாழ 74,000 இருக்கைகள் கொண்ட ஓல்டு டிராஃபர்டு ஆண்டுக்கணக்காக நிறைந்துவருகிறது. கவலை கடனைப் பற்றியது. ஏறக்குறைய 2 பில்லியன் பவுண்டு தேவைப்படும் என்று 2025 மார்ச்சில் சொன்னார்கள். அக்குழுவின் தலையில் ஏற்கெனவே பெருங்கடன் இருக்கிறது. ஆர்சனல் குழு 38,000 பேர் அமரும் ஹைபரியிலிருந்து 2006இல் 60,000 பேர் அமரும் எமிரேட்ஸ் அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. சீட்டு வருமானம் பெருகியது. ஆனால் கடனைக் கட்டும் ஆண்டுகளில் பாப்ரிகாஸ், வான் பெர்சி போன்ற முன்னணி ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு, 2005இல் வென்ற எஃப்ஏ கிண்ணத்துக்குப் பிறகு அடுத்த பெரிய கிண்ணத்துக்கு 2014 வரை காத்திருந்தது. யுனைடெட் ரசிகரான நீங்கள் அப்படி ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கத் தயார் என்றால், அந்த அரங்கத்தை வரவேற்கலாம்.