பாட்டுக்குக் காசு கேட்கும் சங்கம்

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஓட்டல் வைத்திருக்கிறேன். மாடியில் ஒரு ஹால், கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் நடக்கும். போன வாரம் ஒரு நோட்டீஸ் வந்தது. கடையில் பாட்டுப் போட லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். ஸ்பீக்கர் என் காசு, போனில் பாட்டுக் கேட்கும் ஆப்புக்கு மாசாமாசம் கட்டுகிறேன். அப்புறம் எந்தச் சங்கத்துக்கோ நான் ஏன் தண்டம் அழ வேண்டும்? அந்தக் காசு பாட்டு எழுதினவர் கைக்குப் போகிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இந்த நாட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்படி ஒரு சங்கம் முதலில் உருவானது பாரிஸில், அதுவும் உங்களுடையது மாதிரி ஒரு கடையில் கிளம்பிய தகராறில்தான். 1847இல் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியரும் அவருடைய நண்பர்களும் ஒரு கஃபேவில் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே அவர்கள் பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறார்கள். பில் வந்ததும், எங்கள் பாட்டுக்கு நீ காசு தரவில்லை, உன் சர்க்கரைத் தண்ணீருக்கு நாங்களும் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு நடந்தது, பாட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். ஆனால் ஒரு ஆள் ஊர் ஊராகப் போய் எந்தக் கடையில் தன் பாட்டு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்காகத்தான் 1851இல் எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள்.

நம் நாட்டில் அந்த வேலைக்கென்று 1969இல் வந்தது ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்ற சங்கம். அது கட்டண விவரத்தை வெளியிட்டதும் சினிமாத் தயாரிப்பாளர்களும் தியேட்டர்காரர்களும் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977இல் சங்கம் தோற்றது. தயாரிப்பாளர் காசு கொடுத்துப் படத்துக்காக இசையமைக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை அவருக்கே என்று தீர்ப்பு. இசையமைப்பாளர் கையில் ஒன்றும் இல்லையென்றால் சங்கத்திடம் எதை ஒப்படைப்பார்?

அந்தத் தீர்ப்பில் கூட உட்கார்ந்திருந்தவர் நம் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர். மற்ற நீதிபதியோடு ஒத்துப்போனாலும் தன் பங்குக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். கூட்டம் வருவது பாடகரின் குரலைக் கேட்கத்தான், ஆனால் சட்டமோ உரிமை என்று வரும்போது இசையமைத்தவரை மட்டும் கணக்கில் எடுத்துப் பாடகரை வெறுங்கையோடு விட்டுவிட்டது, இது நம் நாட்டு மரபுக்கே ஒவ்வாதது, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். கச்சேரி கேட்டு வளர்ந்த ஊர்க்காரர் அல்லவா, அதை வாசிக்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றும். பாடுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் தனி உரிமை சட்டத்தில் ஏறியது 1994 திருத்தத்தில்தான்.

இதற்கு நடுவில் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பாலக்காட்டுச் சித்தூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர், மாரியம்மன் பாட்டு எழுதுவார், தறி வேலைக்கு நடுவே பீடிக் கட்டின் காகிதத்தைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். ஒரு கேசட் கம்பெனி எட்டுப் பாட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து, ஒன்றும் எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிப் போனது. பொங்கல் சாட்டினால் அந்தக் கேசட் போடாத மைக் செட் எங்கள் பக்கத்தில் கிடையாது. கடைசிக் காலத்தில் கண்புரை ஆபரேஷனுக்குத் தெருவில் நாங்கள்தான் வசூல் செய்தோம், அன்றைக்கும் கோயிலில் அவர் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

சங்கம் என்று ஒன்று இருந்தும் இந்த நிலைமை ஏன்? உரிமை கம்பெனிகள் கையில் இருந்ததால் காலப்போக்கில் சங்கத்துக்குள்ளும் அவர்கள் கையே ஓங்கியது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் போராடி, 2012இல் சட்டம் திருந்தியது. உரிமையை விற்றாலும், படத்துக்குப் பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் இவர்களின் ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் காசில் அவர்கள் பங்கை, யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. தியேட்டரில் படம் ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் உரிமையாளரோடு சமமாகப் பங்கு. வாரிசுக்கோ சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றித் தரலாம். 2017இல் ஐபிஆர்எஸ் புதிய சட்டத்தின் கீழ் மறுபடி பதிவானது.

ஆகவே தம்பி, காசு போகிறதா என்றால், போகவேண்டும் என்று இன்று சட்டமே சொல்கிறது. நீங்கள் ஆப்புக்குக் கட்டுவது உங்கள் சொந்தக் காதுக்கு, கடைக்கு வருகிறவர்களுக்கு அது செல்லாது. கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எழுத்துக்கும் மெட்டுக்கும் உரிமை ஒன்று, ஒலிப்பதிவுக்கு வேறொன்று, கேட்கிறவர்களும் வேறு வேறு. வந்தவர்கள் எதற்குக் கேட்கிறார்கள், பதிவு பெற்ற சங்கமா, வெளியிட்ட கட்டணப் பட்டியல் எங்கே, எந்தெந்தப் பாட்டுகள் அவர்களிடம் இருக்கின்றன என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு பைசா தராதீர்கள்.

மாடி ஹால் விஷயம் வேறு. பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு இருக்கிறது, 2023 ஜூலையில் மத்திய அரசும் அதை நினைவுபடுத்தி அறிவிப்பு விட்டது. பிறந்தநாளுக்கு அந்த விலக்கு கிடையாது. நோட்டீஸை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்த உரிமைக்குக் கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.