கம்பெனி டயரை எப்போது கழற்றலாம்?

மலைப்பாதை, மணல், சேறு என்று தார்ச்சாலை முடிந்த பிறகும் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும் வாசகர்கள் டயர் குறித்துக் கேட்டிருந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகிந்திரா தார் வாங்கிச் சில மாதங்களே ஆகின்றன. எஸ்டேட் சாலைக்குக் கம்பெனி டயர் தாங்காது, உடனே கழற்றிவிட்டுச் சேற்றுக்கான மட் டெரெயின் டயர் போடுங்கள் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். கம்பெனி டயர் அவ்வளவு மட்டமானதா?
– வாசகர், வால்பாறை

மட்டமானது அன்று, ஆனால் அது உங்களை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அன்று. வாகனத் தயாரிப்பாளர் ஒரு டயரை முடிவு செய்யும்போது, சென்னையில் அலுவலகம் போய் வருபவரும் வால்பாறையில் தேயிலைக் காட்டுக்குள் போகிறவரும் ஒரே டயரில் ஓட்டப் போகிறார்கள் என்பதை வைத்தே முடிவு செய்கிறார். 2017இல் நடைமுறைக்கு வந்து 2022இல் இறுக்கப்பட்ட எரிபொருள் சிக்கன விதிகள் காரணமாக, உருளும்போது குறைந்த தடை தரும் டயரையே அவர் விரும்புவார். இரைச்சல், விலை, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் ஆகியவையும் அவருடைய கணக்கில் வரும். அந்தக் கணக்கில் உங்கள் எஸ்டேட்டின் கூர்ங்கல்லுக்கு இடம் குறைவாக இருக்கலாம். ஆனால் ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு எல்லாம் அந்த டயரோடு பொருத்திப் பார்த்துத்தான் சீரமைக்கப்பட்டிருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த வகை வண்டிகளுக்கு மூன்று விதமான டயர்கள் கிடைக்கின்றன. தரையைத் தொடும் மிதிபரப்பில் புடைத்திருக்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம். பட்டன்கள் நெருக்கமாகவும் ஆழம் குறைவாகவும் உள்ள ஹைவே டெரெயின், அதாவது எச்/டி. இடைவெளி சற்று அதிகமுள்ள ஆல் டெரெயின், அதாவது ஏ/டி. பெரிய பட்டன்களும் அவற்றுக்கிடையே அகன்ற பள்ளங்களும் கொண்ட மட் டெரெயின், அதாவது எம்/டி. கம்பெனி டயர் என்றாலே எச்/டிதான் என்று பலர் நினைக்கிறார்கள். 2020இல் வந்த தாரின் 18 அங்குல வீலில் கம்பெனியே ஏ/டி வகையைப் பொருத்தியது. ஆகவே முதலில் உங்கள் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படித்துப் பாருங்கள். கழற்ற நினைப்பதையே திரும்ப விலைகொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு.

அடுத்து, உங்கள் வண்டி எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கணக்கிட வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான். ஆண்டில் பாதி நாள் அது நனைந்தே கிடக்கிறது. எம்/டி டயரில் பட்டன்களுக்கிடையே பள்ளம் அதிகம் என்பதால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. சேற்றில் அதுவே பலம். நனைந்த தார்ச்சாலையில், இறக்கத்தில், வளைவுக்குள் பிரேக் அழுத்தும்போது அதுவே பலவீனம். எஸ்டேட்டுக்குள் நான்கு கிலோமீட்டர் சேற்றுக்காக மலைப்பாதையின் நாற்பது கிலோமீட்டரில் பிடிமானத்தை விட்டுக்கொடுப்பது நல்ல பேரம் ஆகாது என்பது என் கருத்து. தேயிலைக் காட்டிலிருந்து பெரும்பாலும் வெளியே வராத வண்டி என்றால் கதை வேறு. அதற்கு எம்/டி தாராளமாகப் போடலாம்.

இதுவரை டயர் உங்களை எப்படிக் கைவிட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சக்கரம் வீணாகச் சுழன்றதா, அடிப்பாகம் கல்லில் தட்டியதா, பக்கவாட்டில் கிழிந்ததா? இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள். சக்கரம் சுழன்றால் பட்டன் அமைப்பையும் காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அடி தட்டினால் அதே அளவில் எந்த டயர் போட்டாலும் பயனில்லை. பக்கவாட்டுக் கிழிசல் எஸ்டேட் வண்டிகளில் நிறையவே நடக்கிறது. அதைப் பஞ்சர் போட்டுச் சரிசெய்ய முடியாது, டயரையே தூக்கி எறிய வேண்டியதுதான். அந்த நோய்க்கு மருந்து, பக்கவாட்டில் கூடுதல் அடுக்குகளுடன் கட்டப்பட்ட ஏ/டி டயர். டயரின் ஓரத்திலேயே பக்கவாட்டிலும் மிதிபரப்பிலும் எத்தனை அடுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர் சொல்லும் வார்த்தையைவிட அந்த ஒரு வரி நம்பகமானது.

இவற்றுள் எதுவும் நேரவில்லை என்றால், கம்பெனி டயர் தேயும்வரை ஓட்டுங்கள். சட்டப்படி மிதிபரப்பின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. மழைக்காட்டில் ஓட்டுகிறவர் அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 மி.மீ.க்கு வரும்போதே மாற்றிவிடலாம்.

கேள்வி: மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். கம்பெனி அளவு 195/80 ஆர் 15. டயர் மெலிந்து தெரிவதால் 215/75 அல்லது 235/75 போடலாமா? இரண்டுமே அதே வீலில் பொருந்தும் என்கிறார்கள்.
– வாசகர், கொடைக்கானல்

இதற்குப் பென்சிலும் தாளும் போதும். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. மூன்றாவது வீலின் விட்டம், அங்குலத்தில். 195/80 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. 215/75 போட்டால் 703.5 மி.மீ.; வித்தியாசம் ஒன்றரை சதவீதம். 235/75 போட்டால் 733.5 மி.மீ.; ஏறத்தாழ ஆறு சதவீதம்.

முதலாவது மாற்றம் பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனால் வண்டி உயரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விட்டம் கூடுவதில் பாதிதான் அச்சுக்குக் கீழே சேரும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 5 மி.மீ. உயரம் மட்டுமே. கிடைக்கும் உண்மையான லாபம் சற்றுக் கூடுதல் அகலமும், ஏ/டி வகையில் நல்ல தெரிவுகளும்தான்.

இரண்டாவது மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 20 மி.மீ. உயரம் கிடைக்கும், அதற்காக நீங்கள் கொடுக்கும் விலை பல இடங்களில் தலைகாட்டும். ஜிம்னியின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் முறுக்குவிசை 134 நியூட்டன் மீட்டர்தான். விட்டம் கூடினால் ஒவ்வொரு கியரும் சற்று நீண்டதாக மாறி, பெருமாள் மலை ஏற்றத்தில் அடிக்கடி கியரைக் குறைக்க நேரும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உட்புறத்தில் உரசும். உரசாமலிருக்க வண்டியை உயர்த்த வேண்டும். ஸ்டெப்னியையும் அதே அளவில்தான் வைக்க வேண்டும் என்பதால், பின்கதவின் கீல்கள் அந்தக் கூடுதல் எடையை ஒவ்வொரு குழியிலும் சுமக்கும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் இழப்பில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழைதான். வண்டி 1,058 கிலோமீட்டர் ஓடினால்தான் மீட்டர் 1,000 என்று காட்டும். மீதி இழப்பு உண்மையானது. கனமான டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும்.

சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் விதத்தில் வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்தமாகச் சொன்னது. மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் சோதனைச் சாவடியில் முதலில் கண்ணில் படும். விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளரின் கண்ணிலும் படும். எந்த மாற்றம் செய்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

மெலிந்த டயர் அழகாக இல்லை என்பது மட்டுமே காரணம் என்றால், ஒன்று சொல்கிறேன். கல்லும் சேறும் கலந்த பாதையில் மெல்லிய டயர் மேற்சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டியான அடித்தரையைப் பிடித்துவிடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பழைய ஜீப்புகளின் டயரைப் பார்த்தால் அகலத்தின் மீதுள்ள மோகம் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: தேரிக்காட்டின் ஓரத்தில் எங்களுக்குப் பனந்தோப்பு இருக்கிறது. செம்மணலில் வண்டி அடிக்கடி புதைந்துவிடுகிறது. எம்/டி டயர் போட்டால் சரியாகுமா?
– வாசகர், திருச்செந்தூர் வட்டாரம்

இன்னும் ஆழமாகப் புதையும். உலர்ந்த மணலில் எம்/டி டயரின் பட்டன்கள் மண்வெட்டியைப் போலக் கீழே தோண்டிக்கொண்டே போகும். மணலுக்குத் தேவை கடிப்பது அன்று, மிதப்பது. உங்கள் கம்பெனி டயரையே வைத்துக்கொண்டு, மணலில் இறங்குவதற்கு முன் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். டயர் தரையில் படியும் பகுதி நீளும், எடை பரவும், வண்டி மேலேயே நிற்கும். ஆக்சிலேட்டரைச் சீராக வையுங்கள். சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள், பிரேக்கை அழுத்தாமல் வண்டி தானாக நிற்கட்டும், வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள்.

15 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கினால், வண்டியை வளைக்கும்போது டயர் வீலின் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலையில் ஏறும் முன் பழைய அழுத்தத்துக்குக் கட்டாயம் நிரப்ப வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ஆகவே 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு சிறிய காற்றுப் பம்ப்பும் அழுத்தமானியும் வாங்குங்கள். நான்கு டயர்களின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு. குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால், தோப்பின் எல்லைக்கு அப்பால் அனுமதியின்றி வண்டியை இறக்காதீர்கள்.

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் கரிசல் நிலம். மழை பெய்தால் பொலிரோ நகர மறுக்கிறது. காற்றைக் குறைத்தும் பார்த்துவிட்டேன்.
– வாசகர், எட்டயபுரம்

மணலுக்குச் சொன்னது கரிசலுக்குப் பொருந்தாது. நனைந்த கரிசல் மண் பட்டன்களுக்கிடையே அப்பிக்கொண்டு டயரை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். எச்/டி சில அடிகளிலேயே அடைத்துக்கொள்ளும். ஏ/டி சற்றுத் தாங்கி அதுவும் அடைத்துக்கொள்ளும். அகன்ற பள்ளமுள்ள எம்/டி மட்டுமே சுழலும் வேகத்தில் மண்ணை உதறித் தள்ளும். எம்/டி தன் விலைக்கு உரிய வேலையைச் செய்யும் இடம் இதுதான். ஆனால் உங்கள் பொலிரோ பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ளது என்றால், எந்த டயர் போட்டாலும் முன்சக்கரங்கள் சும்மா தள்ளப்படுமே தவிர இழுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்கு வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வயலுக்கு டிராக்டரில் போவது மலிவான தீர்வு.

கேள்வி: பிக்கப் வண்டியில் மிளகும் வாழைத்தாரும் ஏற்றி இறக்குகிறேன். ஏ/டி டயர் போட்டால் எழுபது வளைவுகளிலும் பயமில்லாமல் இறங்கலாமா?
– வாசகர், கொல்லிமலை

பட்டன் வடிவத்தைவிட உங்களுக்கு முக்கியம், டயர் தாங்கும் பாரம். அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 111 என்றால் 1,090 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கும்: கியூ 160 கிலோமீட்டர், எஸ் 180 கிலோமீட்டர். கம்பெனி டயரில் உள்ள பார எண்ணுக்குக் குறைவான எதையும், எவ்வளவு முரட்டுத் தோற்றம் இருந்தாலும், பாரவண்டியில் போடக் கூடாது. பார்வைக்கு முரடாகவும் உள்ளே கார் டயராகவும் இருக்கும் ஏ/டிக்கள் சந்தையில் உண்டு; சுமையோடு நீண்ட இறக்கத்தில் சூடேறும்போதுதான் வித்தியாசம் தெரியும். இலகு சரக்கு வாகனங்களுக்கென்று கட்டப்பட்ட டயரையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முன்டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. அவற்றை மட்டும் ஏ/டியாக மாற்றினால் போதாதா?
– வாசகர், குன்னூர்

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் போதாது. தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில், நான்கு சக்கரங்களையும் இயக்கும் 4எச் நிலையைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். நடுவில் வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்டயரும் பின்டயரும் சுற்றளவில் வேறுபட்டால் அந்த இழுபறியை, இன்ஜின் விசையை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்க வேண்டியிருக்கும். இனியாவது ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றி ஓட்டினால் எல்லாம் ஒன்றாகத் தேயும்.

கேள்வி: புது வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி டயர்களைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? வெளிநாட்டு டயர்தான் உயர்ந்தது என்பதும் உண்மையா?
– வாசகர், ஓசூர்

வாங்கலாம். நண்பர்கள் பேச்சைக் கேட்டுக் கழற்றியவர்களால் உங்களுக்கு லாபம். பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் முடிவிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்; 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வீலில் உட்காரும் விளிம்பு கழற்றும்போது கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டயருக்கான உத்தரவாதம் டயர் நிறுவனத்துடையது, வண்டி நிறுவனத்துடையதன்று. ஆகவே பில் இல்லாமல் வாங்கினால் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டு டயர்களைப் பொறுத்தவரை, 2020 ஜூனில் மத்திய அரசு இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, சில புகழ்பெற்ற ஏ/டி, எம்/டி வகைகள் அரிதாகி விலையும் ஏறின. அரிதான டயரில் இன்னொரு சங்கடம், ஒன்று கிழிந்தால் அதே வகையில் இன்னொன்று கிடைக்காமல் போவது. திருவொற்றியூர், அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று டயர் ஆலைகள் நிறைந்த மாநிலத்தில் இருந்துகொண்டு, ஓசூரில் எந்த நாளும் கிடைக்கும் நல்ல உள்நாட்டு ஏ/டியைத் தவிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. எந்த நாட்டு டயரானாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரை இல்லாததையும், கடையிலேயே மூன்று ஆண்டுகள் கிடந்ததையும் வாங்காதீர்கள்.