பாய்மரப் படகுக்கு வீட்டுக் கடனா?

கேள்வி: நானும் கணவரும் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். எனக்கு 46, அவருக்கு 49. பிள்ளைகள் இருவரும் யூனிவர்சிட்டிக்குப் போனபிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. போன கோடையில் இருவருமாகப் பாய்மரப் படகு ஓட்டப் பழகினோம், மிகவும் பிடித்துவிட்டது. இப்போது 1980களில் கட்டிய 30 அடிப் படகொன்று 28,000 டொலருக்கு வந்திருக்கிறது. வீட்டின்மேல் எடுத்த லைன் ஒஃப் கிரெடிட்டில் (வரம்புவரை வேண்டியபோது எடுத்து, மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் போதுமான கடன்) ஏற்கெனவே 62,000 நிற்கிறது: சமையலறை திருத்தியது, மகளின் சாமத்திய வீடு, 2021இல் தம்பி வீடு வாங்கக் கொடுத்த 15,000. வட்டி தவறாமல் கட்டுகிறோம், எல்லாச் செலவும் போக மாதம் 1,500 மிஞ்சும். தம்பி படகில் பாதிப் பங்கு கேட்கிறான், சீட்டு எடுத்ததும் தருவானாம். அதுவரை முழுக்காசையும் லைனில் எடுக்கலாமா? அல்லது, கரீபியனில் புதுப் படகு வாங்கி வாடகைக்கு விட்டால் படகே தன் கடனைக் கட்டும் என்று ஒரு கண்காட்சியில் சொன்னார்களே, அது நல்லதா?

பதில்: படகு ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வரும் "வட்டி தவறாமல் கட்டுகிறோம்" என்ற வரிதான். மகள் இப்போது யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், அவளுடைய சாமத்திய வீட்டுக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது. அசலில் ஒரு சதம் குறையவில்லை. லைனில் இன்னும் எடுக்க இடமிருப்பதைக் கையில் காசு இருப்பதாக நினைத்துப் பழகிவிட்டீர்கள், படகு அந்தப் பழக்கத்தின் அடுத்த தவணை.

இந்த வட்டி நிலையானதும் இல்லை. வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் 2022 தொடக்கத்தில் 2.45%, 2023 யூலையில் 7.20%. உங்கள் லைனின் வட்டி பிரைமைவிட 0.5% கூட என்றால், இதே 62,000க்கு மாதம் 150 டொலராக இருந்த வட்டி ஒன்றரை வருடத்துக்குள் 400ஐத் தொட்டிருக்கும்.

சரி, படகின் கணக்கைப் போடுவோம். விலை 28,000. ஒன்ராறியோவில் தனியாரிடம் படகு வாங்கினாலும் 13% வரி உண்டு, அது 3,640. வாங்குமுன் படகைச் சோதித்துச் சொல்லும் பரிசோதகரின் கூலியும் சேர்த்தால் 32,000 ஆகிவிடும். பரிசோதகரை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேற்தளத்தின் கண்ணாடியிழைக்கு நடுவில் பால்சா என்ற இலேசான மரம் இருக்கும், ஆணித் துளை வழியே தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளவென்று தெரியும்போதே உள்ளே உக்கிப்போகும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் டக்டக் என்று கேட்கும், உக்கிய இடம் மந்தமாகப் பொத்தென்று கேட்கும். அதைத் திருத்தும் செலவு சிலவேளை படகின் விலைக்கே வந்துவிடும்.

அப்புறம் வருடச் செலவு. ஒன்ராறியோ ஏரியில் மே நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரைதான் படகு தண்ணீரில். மற்ற ஏழு மாதமும் கரையில் தாங்குசட்டத்தின்மேல் நிற்கும், அதற்கும் வாடகை. கிரேனால் ஏற்றி இறக்க, காப்புறுதி, அடிப்பகுதிப் பூச்சு, பனிக்கு முன் எஞ்சினைப் பதப்படுத்த, கிழிந்த பாய் என்று பார்த்தால் 8,000க்குக் குறைவாக நான் போடமாட்டேன்.

கடன் 94,000 ஆகும். 5% வட்டியில் மாதம் 390, இப்போது கட்டுவதைவிட 130 கூட. படகுச் செலவு மாதம் 670. ஆக 800 போனாலும் உங்கள் 1,500இல் 700 மிஞ்சும், கட்டுப்படியாகும் போலத்தான் தெரியும். அதுதான் ஆபத்து. அசல் தொடப்படாமலே இருக்கும், வட்டி மறுபடி 7.70% ஆனால் மாதம் 600 வட்டிக்கே போய்விடும், உங்களுக்கும் வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

தம்பியின் பாதிப் பங்கு வேண்டவே வேண்டாம். அவருக்குப் படகில் பாதி, உங்களுக்குக் கடன் முழுவதும், அடமானம் உங்கள் வீடு. 2021இல் கொடுத்ததே திரும்பி வரவில்லை.

கரீபியன் திட்டத்தைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கடன் உங்கள் பெயரில், வாடகை "உத்தரவாதம்" அந்தக் கம்பனி நிலைக்கும்வரை. யூனிலிருந்து நொவெம்பர்வரை அங்கே புயல் காலம். ஒப்பந்தம் முடியும்போது ஊரெல்லாம் ஓட்டித் தேய்ந்த படகு உங்கள் கைக்கு வரும். அதை முதலீடு என்று விற்பவருக்குத்தான் அது வருமானம்.

நான் சொல்வது இது. மிஞ்சும் 1,500இல் 300ஐப் படகோட்டத்துக்கே ஒதுக்குங்கள். உங்கள் ஸ்காபரோவின் ஏரிக்கரையில், புளஃபர்ஸ் பார்க்கில் பாய்மரக் கழகங்கள் இருக்கின்றன, பந்தயம் ஓடுகிற படகுக்காரர் பலருக்கு ஆள் தேவைப்படும். ஒரு கோடை முழுக்க மற்றவர்களின் படகில் ஓடுங்கள், முடிந்தால் இருவரும் வேறு வேறு படகில். புருஷன் சுக்கானைப் பிடிக்க மனைவி கயிறு இழுத்தபடி ஏச்சு வாங்குகிற படகுகள் இரண்டாம் வருடமே விற்பனைக்கு வருகின்றன. காற்று எழும்பும்போது நீங்களே படகைத் துறைக்குள் கொண்டுவந்து கட்டப் பழகியிருந்தால்தான் அது உங்கள் இருவரின் படகு.

மீதி 1,200ஐ, இப்போது கட்டும் வட்டிக் காசோடு சேர்த்து மாதம் 1,460ஆக லைனுக்கே போடுங்கள். 5% என்றால் நாலு வருடத்துக்குள் 62,000 முடியும். மாதத் தவணைக் கடனாக மாற்றி, லைனின் வரம்பையும் குறைக்கச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள், இடமிருந்தால் கை போகும். கடன் முடிந்தபிறகு அதே 1,460ஐத் தொடர்ந்து சேமித்தால் இன்னும் 22 மாதத்தில் 32,000 கையில். உங்களுக்கு அப்போது 52, சுக்கான் பிடிக்க நல்ல வயது.

தம்பியிடம் படகைப் பற்றிக் கதைக்கமுன் அந்த 15,000ஐப் பற்றிக் கதையுங்கள். உங்கள் கணவர் கேட்டால் மனஸ்தாபம் வரும், அதனால் நீங்களே கேளுங்கள். சீட்டு எடுக்கிறவர் என்றால் அதிலேயே கழிக்கட்டும், முடியாவிட்டால் மாதம் 300 உங்கள் லைன் கணக்குக்கு நேரே போகும்படி செய்யட்டும், 50 மாதத்தில் அசல் தீரும்.