வாக்குத்தத்த அட்டையும் கூலிப் பாக்கியும்

கேள்வி: புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டுக்கென ஒரு வேத வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்குக் கிடைத்தது எரேமியா 29:11: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதைத் தோப்பில் மோட்டார் அறைக் கதவில் ஒட்டி, தினமும் அறிக்கையிட்டு ஜெபித்தேன். ஆனால் பெங்களூரா மாங்காய் விலை விழுந்து, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. பறித்த ஆட்களுக்கு இன்னும் கூலி பாக்கி. கடன் கழுத்தை நெரிக்கிறது. வசனம் பொய்த்துவிட்டதா, அல்லது என் விசுவாசம் குறைந்துவிட்டதா?
– ஒரு வாசகர், சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சகோதரரே, இரண்டும் இல்லை. வசனம் பொய்க்கவில்லை, மாங்காய் விலை உங்கள் விசுவாசத்தை நிறுக்கும் எடைக்கல்லும் அல்ல. கூழ் ஆலைகள் வாங்கினால்தான் பெங்களூராவுக்கு விலை என்பதும், ஆலைகள் கையை விரித்துவிட்டால் பழுத்துக்கொண்டிருக்கும் காயைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும் என்பதும் உங்கள் பகுதியில் எல்லாரும் அறிந்ததே. அந்த வீழ்ச்சியை உங்கள் ஜெபக் குறைவோடு முடிச்சுப் போடுகிறவர் யாராயிருந்தாலும் அவரை நம்ப வேண்டாம்.

ஆனால் அட்டையில் அச்சாகாத வசனங்களை நீங்கள் வாசித்தே ஆக வேண்டும். எரேமியா 29 ஒரு கடிதம், கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துப்போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதியது. அட்டையிலுள்ள வசனத்துக்கு முந்தைய வசனம், எழுபது வருஷம் நிறைவேறின பின்பே திரும்புவீர்கள் என்கிறது. அதை வாசிக்கக் கேட்ட மூப்பர்கள் அந்த நாளைக் காண உயிரோடு இருந்திருக்க முடியாது. இனி, இதற்கு முந்தைய 28-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எல்லாருக்கும் முன்பாக முறித்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவித்தான். ஜனங்கள் கேட்க ஏங்கிய செய்தி அது. கர்த்தர் உன்னை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டு, பதினோராம் வசனத்தை மட்டும் இந்த டிசம்பருக்குள் நிறைவேறும் என்று ஒருவர் கையில் கொடுக்கும்போது, எரேமியாவின் வார்த்தையை அனனியாவின் செய்தியாக மாற்றிவிடுகிறோம். அட்டை கொடுக்கும் போதகர்களையும் எண்ணியே இதை எழுதுகிறேன்.

அப்படியானால் அந்த வசனம் நமக்கு இல்லையா? உண்டு, முழுக் கடிதத்தோடு சேர்த்து. "தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்று அது உங்களைப் போன்றவரிடமே பேசுகிறது. அடுத்து, தாங்கள் சிறைப்பட்டிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்லி, "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்கிறது. இங்கும் பதினோராம் வசனத்திலும் எபிரெயத்தில் ஷாலோம் என்ற ஒரே சொல்தான்; நலம், நிறைவு, குறைவற்ற வாழ்வு எல்லாம் அதற்குள் அடங்கும். சுற்றியிருப்பவர்களின் நலத்தை விட்டுவிட்டு, தனக்கு மட்டும் நல்ல முடிவைக் கேட்க இந்த அதிகாரம் இடம் தரவில்லை. மற்ற விவசாயிகளோடு சேர்ந்து ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதும் அதற்குக் கீழ்ப்படிவதே.

இங்கேதான், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை: "பறித்த ஆட்களுக்கு இன்னும் கூலி பாக்கி." வலை கட்டிய தொரட்டியால் காயை இறக்கி, காம்பைக் கிள்ளும்போது தெறிக்கும் பால் பட்டுத் தோல் வெந்து கருத்த கைகளை நீங்கள் உங்கள் தோப்பிலேயே பார்த்திருப்பீர்கள். வேலை செய்த அன்றே, "பொழுதுபோகுமுன்னே" கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24:15. அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. விளைச்சலுக்கு விலை கிடைத்தால் கொடு என்ற நிபந்தனை அங்கே இல்லை. எரேமியா உங்களுக்கென்றால் உபாகமமும் உங்களுக்கே. உங்கள் நெருக்கடி மெய்யானது, அதை நான் சிறிதாக்கவில்லை. மொத்தமாகக் கொடுக்க இயலாவிட்டால், கையில் உள்ளதை அவர்களுக்குப் பங்கிட்டு, மீதிக்கு நாள் குறித்து வீடு தேடிப் போய்ச் சொல்லுங்கள். அது தீரும்வரை சிறப்புக் காணிக்கை எதையும் நேர்ந்துகொள்ள வேண்டாம்.

அட்டையைக் கிழிக்காதீர்கள். அதன் கீழே 4 முதல் 14 வரையுள்ள வசனங்களை உங்கள் கைப்பட எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில், கூலி பாக்கியுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் தொகையையும் எழுதி வையுங்கள். மோட்டார் போடப் போகும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்து வாசித்து ஜெபியுங்கள்.